உருகிய பாலிமரை இழுத்து அளக்க எந்தக் கருவி?

ஒரே மெல்ட் இண்டெக்ஸ் எண் அச்சிட்ட இரண்டு பாலிஎத்திலீன் மூட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று எல்டிபிஇ (குறை அடர்த்தி வகை), இன்னொன்று எல்எல்டிபிஇ (நேர்ச்சங்கிலிக் குறை அடர்த்தி வகை). ஃபிலிம் ஊதும் எந்திரத்தில் முதலாவதின் குமிழி ஆடாமல் நிற்கும். இரண்டாவதின் குமிழி தள்ளாடும். மெல்ட் இண்டெக்ஸ் இதை முன்கூட்டிச் சொல்லாததில் வியப்பில்லை. உருகலை எடை வைத்து ஒரு சிறு துளை வழியே தள்ளி, 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வெளியே வந்தது என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. அங்கே நடப்பது பெரும்பாலும் ஷியர், அதாவது அடுக்கின் மேல் அடுக்கு வழுக்குவது. குமிழியில் நடப்பது இழுவை. நீண்ட கிளைகள் உள்ள எல்டிபிஇ மூலக்கூறை இழுத்தால் கிளைகள் பக்கத்துச் சங்கிலிகளில் சிக்கிக்கொண்டு நடுத்தண்டை விறைக்க வைக்கும். எல்எல்டிபிஇபோல் நீள்கிளை இல்லாத சங்கிலி மெல்ல நழுவிவிடும். இழுக்க இழுக்க இறுகும் இந்தக் குணத்துக்குத் திரிபிறுக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதை அளக்கத்தான் இத்தனை கருவிகள்.

அடிப்படை விதி எளிது. ட்ரவுட்டன் 1906இல் காட்டியபடி, மெதுவாக இழுக்கும்போது நீட்சிப் பாகுநிலை (இழுவைக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு), ஷியர் பாகுநிலையைப் (வழுக்கலுக்குக் காட்டும் எதிர்ப்பு) போல மூன்று மடங்கு. திரிபிறுக்கம் உள்ள உருகல் இந்த மூன்று மடங்குக் கோட்டிலிருந்து மேல்நோக்கிப் பிரியும். எவ்வளவு இழுத்தோம் என்பதை ஹென்கி திரிபில் சொல்வது வழக்கம். நீளம் எத்தனை மடங்கு ஆனதோ அதன் இயல் மடக்கை அது. திரிபு 1 என்றால் 2.7 மடங்கு, 3 என்றால் 20 மடங்கு, 4 என்றால் 55, 7 என்றால் சுமார் 1,100. குறுக்குப் பரப்பும் அதே மடங்கில் சுருங்கும். கருவிகளுக்கு இடையிலான சண்டை முழுவதும் கடைசியில் இந்தச் சுருங்கும் பரப்பில்தான் வந்து நிற்கிறது. பரப்பு தெரியாவிட்டால் தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை, தெரியாது. தகைவு தெரியாவிட்டால் பாகுநிலை என்று எதையும் சொல்ல முடியாது.

கருவிப் பட்டியலைப் பார்க்கும் முன் மூன்று விஷயங்களை முடிவு செய்துகொள்வது நல்லது. வேண்டியது தரவரிசையா, அதாவது "அ, ஆவைவிட இறுகுகிறதா" என்ற பதில் போதுமா, அல்லது கணினி மாதிரியில் போடத்தக்க எண்ணா? உங்கள் செய்முறையில் இழுவை வேகம் என்ன? பாட்டில் போன்றவற்றை ஊதிச் செய்யும் பிளோ மோல்டிங்கில் தொங்கும் குழாய் தன் எடையால் வினாடிக்கு 0.01 ஹென்கி திரிபு என்ற அளவில் நீளும். ஃபிலிம் ஊதுவதில் அது 1ஐ ஒட்டி இருக்கும். உருகலைத் தாள்மேல் படலமாகப் பூசும் எக்ஸ்ட்ரூஷன் கோட்டிங்கில் பத்துகளைத் தாண்டும். மூன்றாவது, உங்கள் பொருளின் பாகுநிலை. பலர் விலையில் தொடங்கி இதில் முடிக்கிறார்கள். உண்மையில் பாதிக் கருவிகளைத் தள்ளுபடி செய்வது இந்த மூன்றாவது கேள்விதான்.

ரியோடென்ஸ்: விசை தெரியும், பாகுநிலை தெரியாது

எக்ஸ்ட்ரூடரோ (திருகால் உருகலைத் தள்ளும் எந்திரம்) கேபிலரி ரியோமீட்டரோ (உருகலை நுண்குழாய் வழியே தள்ளி அளக்கும் கருவி) கீழ்நோக்கித் தள்ளும் உருகிய இழையை ரியோடென்ஸின் இரண்டு சக்கரங்கள் கவ்வி இழுக்கும். சக்கரத்தின் வேகம் சீராகக் கூடிக்கொண்டே போகும், இழை அறும்வரை. சக்கரங்கள் அமர்ந்திருக்கும் தராசுக்கை விசையைச் சென்டிநியூட்டனில் பதிவு செய்யும். அறும்போது இருந்த விசைதான் உருகல் வலிமை. அப்போதைய இழுவேகத்தை, டை (உருகல் வெளிவரும் துளைக்குழல்) வாயில் உருகலுக்கு இருந்த வேகத்தால் வகுத்தால் இழு விகிதம். இந்தச் சோதனைக்கு ஐஎஸ்ஓ 16790 என்ற தரநிலையும் இருக்கிறது.

ஃபிலிம், கோட்டிங், ஃபோம் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டு மேசைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. செய்முறையில் நடப்பதை அப்படியே சிறிய அளவில் நடத்துகிறது. பாகுநிலை குறைந்த பொருளையும் ஏற்கும். ஒரு நாளில் பல மாதிரிகளை ஓட்டலாம். ஆனால் டை வாயிலிருந்து சக்கரம் வரையிலான 8-10 செ.மீ. தூரத்தில் இழை குளிர்ந்துகொண்டே போகிறது, இழுவை வேகமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. டைக்குள் பட்ட ஷியரின் நினைவும் இழையில் இன்னும் அழியாமல் இருக்கும். ஆகவே கிடைப்பது பொருளின் குணம் மட்டுமல்ல; பொருளும் அமைப்பும் சேர்ந்த ஒரு கூட்டு விடை. வேறொரு ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிட வேண்டுமானால் டை விட்டம், டை நீளம், வெப்பநிலை, வெளியேறும் வேகம், சக்கரம்வரை உள்ள தூரம், முடுக்கம் ஆகிய ஆறும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏசி காற்று நேராக இழைமேல் பட்டாலே விசை மாறும். சுற்றிலும் ஒரு மறைப்பு வையுங்கள்.

இழு விகிதம் கூடும்போது விசை வரைபடம் ரம்பப் பல்லைப்போல் ஆடத் தொடங்கினால் அது கருவிக் கோளாறு அல்ல. இழையின் விட்டம் தானாகவே பருத்தும் மெலிந்தும் அலைகிறது; டிரா ரெசோனன்ஸ் என்பது இதுதான். ஆட்டம் தொடங்கிய இடத்தையும் ஒரு முடிவாகவே குறித்துக்கொள்ளலாம். கோட்டிங் ஆலைக்கு அது அறும் விசையைவிடப் பயனுள்ள எண்.

கேபிலரி: வேகம் அதிகம், நம்பிக்கை குறைவு

அகலமான பீப்பாயிலிருந்து சிறிய டைக்குள் உருகல் நுழையும்போது அது இழுபடுகிறது. நுழைவில் இழக்கும் அழுத்தத்திலிருந்து நீட்சிப் பாகுநிலையைக் கணிக்கும் வழியை காக்ஸ்வெல் 1972இல் கொடுத்தார். கேபிலரி ரியோமீட்டர் ஏற்கெனவே இருந்தால் கூடுதலாக வேண்டியது ஒரே விட்டமும் ஒரே நுழைவுக் கோணமும் கொண்ட இரண்டு டைகள் மட்டுமே: ஒன்று விட்டத்தைப்போல் 16 அல்லது 20 மடங்கு நீளம், மற்றது ஏறக்குறைய சுழிய நீளம். வினாடிக்கு நூறு அளவிலான இழுவை வேகத்தை எட்ட நடைமுறையில் இதுதான் வழி. பெட் (பாட்டில் பிளாஸ்டிக்), நைலான் போன்ற நீர்த்த உருகல்களுக்கும் இது ஒத்துவரும்.

கவனம் இரண்டு இடத்தில் வேண்டும். சுழிய நீள டையிலிருந்து வெளிவரும் உருகல், டையின் அடிப்பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டால் அழுத்தம் பொய்யாக ஏறும். வெளிவாய் நன்றாக விரிந்திருக்க வேண்டும். அடுத்தது, 1,000 பார் வரை அளக்கும் உணரியைக்கொண்டு 5 பார் நுழைவு இழப்பை அளக்கக் கூடாது. உணரியின் பிழையே அந்த அளவுக்கு இருக்கும். 12 மி.மீ. பீப்பாயிலிருந்து 1 மி.மீ. டைக்குப் போகும்போது மொத்தத் திரிபு 5ஐ ஒட்டி வரும். ஆனால் வழியில் வேகம் ஒரே சீராக இல்லை, ஷியரும் கலந்திருக்கிறது. கிடைப்பதை "கணிப்பு" என்று அறிக்கையில் எழுதுங்கள், "அளவு" என்று எழுதாதீர்கள்.

இரட்டை உருளை: பெரும்பாலோர் வாங்க வேண்டியது இதைத்தான்

மார்ட்டின் சென்ட்மனட் வடிவமைத்து, 2004இல் ரியாலஜிக்கா ஆக்டா இதழில் விவரித்த எஸ்இஆர் கருவி, தனிக்கருவிகளின் காலத்தை ஏறக்குறைய முடித்துவைத்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு துணைக்கருவி அது. ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் சுழல் ரியோமீட்டரின் (மாதிரியைச் சுழற்றி எதிர்ப்பை அளக்கும் கருவி) அடுப்புக்குள் பொருந்தும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு உருளைகள், பற்சக்கரத்தால் இணைக்கப்பட்டவை. ஒன்று ஒருபக்கம் சுழன்றால் மற்றது எதிர்ப்பக்கம் சுழலும். பட்டையின் இரு முனைகளையும் உருளைகளில் கவ்விவிட்டால் இரண்டும் சுருட்டி இழுக்கும். உருளைகளுக்கு இடையிலான நீளம் மாறாது என்பதுதான் இதன் அழகு. நீளம் மாறாததால், சீரான சுழல்வேகமே சீரான ஹென்கி வேகம் ஆகிவிடுகிறது:

இழுவை வேகம் = 2 × கோண வேகம் × உருளை ஆரம் ÷ உருளை மையங்களின் இடைவெளி.

வழக்கமான மாதிரியில் ஆரம் 5.155 மி.மீ., இடைவெளி 12.72 மி.மீ. வினாடிக்கு 1 என்ற இழுவை வேகத்துக்கு வினாடிக்கு 1.234 ரேடியன், நிமிடத்துக்கு 12 சுற்றுக்கும் சற்றுக் குறைவு. பட்டையில் உள்ள விசை, ரியோமீட்டர் காட்டும் டார்க்கை (திருகுவிசையை) உருளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும். ஒரு சுற்று முழுதாக முடியும் முன்பே பட்டை தன் கவ்வியின் மேலேயே ஏறத் தொடங்கும். அதனால் நடைமுறை வரம்பு திரிபு 4ஐ ஒட்டி.

வாங்கும் முன் கையால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 6 மி.மீ. அகலம், 0.7 மி.மீ. தடிமன் உள்ள பட்டை; பரப்பு 4.2 ச.மி.மீ. பொருளின் ஷியர் பாகுநிலை 10,000 பாஸ்கல்-வினாடி. வேகம் வினாடிக்கு 0.01. தகைவு 300 பாஸ்கல். விசை சுமார் 1.3 மில்லிநியூட்டன், டார்க் சுமார் 13 மைக்ரோநியூட்டன்-மீட்டர். நல்ல ரியோமீட்டர் இதைப் படிக்கும். ஆனால் திரிபு 3க்குப் போகும்போது பரப்பு இருபதில் ஒரு பங்காகும். பொருள் இறுகாவிட்டால் டார்க் 0.7க்கு விழும். பற்சக்கர உராய்வே அதைவிட அதிகமாக இருக்கலாம். இதனால்தான் 10,000 பாஸ்கல்-வினாடிக்குக் கீழே உள்ள உருகலுக்கு இதை வாங்காதீர்கள் என்கிறோம். அப்படிப்பட்டது அளக்கும் முன்பே தொய்ந்து விழவும் செய்யும். வேகம் 1 என்றால் எல்லா எண்களும் நூறு மடங்காகும், கவலை தீரும்.

மாதிரி தயாரிப்பில்தான் பாதி வெற்றி. 0.7 மி.மீ. சட்டத்துக்குள் துகள்களை வைத்து, இருபுறமும் டெஃப்லான் அல்லது பாலிஇமைடு தாள் போட்டு, அழுத்தம் இல்லாமல் 5 நிமிடம் உருக விடுங்கள். பிறகு இரண்டு மூன்று தடவை அழுத்தித் தளர்த்திக் காற்றை வெளியேற்றி, 3 நிமிடம் முழு அழுத்தம். குளிர்விப்பது மெதுவாக. குமிழி ஒன்று இருந்தாலும் அந்தப் பட்டையைக் கழித்துவிடுங்கள், அறுவது அங்கேயேதான் நடக்கும். பட்டையைக் கத்தரியால் வெட்டாமல் இணைகத்தி வைத்த அச்சால் வெட்ட வேண்டும். தடிமனை மூன்று இடத்தில் அளந்து, 0.02 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் விடுங்கள். அதுவே 3 விழுக்காட்டுப் பிழை. அச்சில் உறைந்துபோன இழுவிசை இருக்கிறதா என்று பார்க்க, ஒரு துண்டைச் சூடான சிலிக்கோன் எண்ணெயில் மிதக்க விடுங்கள். நீளவாக்கில் சுருங்கிப் பருத்தால் பட்டை ஏற்கெனவே இழுபட்டது. மறுபடி உருக்கி அழுத்துங்கள்.

ஏற்றும்போது வருகிற தொல்லை, விரிவு. எல்டிபிஇயின் அடர்த்தி அறையில் 0.92, 150 டிகிரியில் சுமார் 0.78. கனஅளவு 18 விழுக்காடு கூடுகிறது, நீளம் சுமார் 6 விழுக்காடு கூடுகிறது. 12.72 மி.மீ. இடைவெளியில் 0.7 மி.மீ. தொய்வு. அதை எடுக்காமல் ஓட்டினால் முதல் நொடிகளில் டார்க் சுழியமாக இருந்து பிறகு திடீரென்று எழும். வளைகோடு முழுவதும் காலத்தில் தள்ளிப்போகும். ஆகவே வெப்பம் ஏறிய பிறகு, வினாடிக்கு 0.01க்கு மிகாமல் மெல்லச் சுருட்டி, டார்க் அசையத் தொடங்கியதும் நிறுத்தி, ஒரு நிமிடம் தளர விடுங்கள். பரப்பைக் கணக்கிடும்போது, திடநிலைப் பரப்பை அடர்த்தி விகிதத்தின் (திட அடர்த்தி ÷ உருகல் அடர்த்தி) மூன்றில் இரண்டு அடுக்கால் பெருக்க வேண்டும். நீளவாக்கு விரிவு உருளைமேல் சுருண்டுவிடுவதால் முழு அடுக்கு வராது. எல்டிபிஇக்கு இந்தப் பெருக்கல் 1.12. இதை மறந்த அறிக்கைகள் நிறையவே உலவுகின்றன. எல்லாவற்றிலும் பாகுநிலை 12 விழுக்காடு கூடுதலாகத் தெரியும்.

சரிபார்ப்புக்கு ஒரே ஒரு வழி, அதைத் தவிர்க்கவே கூடாது. அதே பொருளைச் சிறு வீச்சு அலைவுச் சோதனையில் (மிகச் சிறிதாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது) அளந்து, அதிலிருந்து தொடக்க ஷியர் பாகுநிலையை, அதாவது ஷியர் தொடங்கியதிலிருந்து காலத்தோடு அது வளரும் விதத்தை, கணக்கிட்டு, மூன்றால் பெருக்கிக் கோடு போடுங்கள். எல்லா வேகத்து இழுவை வளைகோடுகளும் ஆரம்பத்தில் இந்தக் கோட்டின் மேலேயே படுத்திருக்க வேண்டும். எல்லாம் ஒரே விகிதத்தில் மேலே இருந்தால் பரப்புப் பிழை. எல்லாம் கீழே இருந்தால் வெப்பநிலை கூடுதலாக இருக்கலாம், அல்லது தொய்வு எடுக்கப்படவில்லை. மெதுவான வேகத்து வளைகோடு மட்டும் மேலே போனால் உராய்வைக் கழிக்க மறந்திருப்பீர்கள், அல்லது பொருள் சோதனையிலேயே குறுக்குப்பிணைப்பு (சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைவது) ஆகிறது. எல்டிபிஇ காற்றில் வெந்தால் பிணையும், பொய்த் திரிபிறுக்கம் காட்டும். பாலிபுரொப்பிலீன் மாறாக அறுந்து நீர்த்துவிடும். இரண்டுக்கும் நைட்ரஜனும் நிலைப்படுத்தியும் வேண்டும்.

மேல் பக்கத்திலும் வரம்பு உண்டு. வினாடிக்கு 10 என்ற வேகத்தில் மோட்டார் நிலைபெற 0.05 வினாடி எடுத்தால், அதற்குள் திரிபு 0.5 போய்விடும். அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் வரைய வேண்டும்.

இப்போது கசப்பான பகுதி. பட்டை அகலமாக இருந்தால் அது ஒருதிசை இழுவையாகவே இருக்காது; அகலவாக்கில் சுருங்க முடியாமல், தடிமன் மட்டும் குறையும் தளநீட்சிப் பக்கம் சாயும். இதை 2010இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு முப்பரிமாணக் கணிப்பில் காட்டியது. 10 மி.மீ. அகலத்தைவிட 5-6 நல்லது. டார்க் போதுமென்றால் 3 இன்னும் நல்லது. இரண்டாவது, திரிபு 3ஐத் தாண்டிய பிறகு பட்டை ஓரிடத்தில் மெலியத் தொடங்கினால் கருவிக்கு அது தெரியாது. பரப்பை அது தன்பாட்டுக்கு அடுக்குக்குறிச் சமன்பாட்டில் குறைத்துக்கொண்டே போகும். அதனால் வளைகோட்டின் உச்சியில் வரும் சரிவை "நிலைத்த பாகுநிலை" என்று படிக்கக் கூடாது. ஒரு சாதாரண கேமராவால் அகலத்தைப் படம்பிடித்தால் மெலிவு எப்போது தொடங்கியது என்பது உடனே தெரியும். அதற்குப் பிந்தைய தரவைத் தூக்கி எறியுங்கள். பட்டை நடுவில் அறாமல் உருளையோரம் அறுந்தால் அது பொருளின் வலிமை அல்ல, கவ்வியின் காயம்.

இதே யோசனையின் இன்னொரு வடிவம் டிஏ நிறுவனத்தின் ஏரெஸ் ரியோமீட்டருக்கான இவிஎஃப். ஒரு உருளை நடுவில் நிற்க, மற்றது அதைச் சுற்றி வந்தபடியே தானும் சுழலும். மோட்டாரும் விசை உணரியும் தனித்தனி என்பதால் பற்சக்கர உராய்வு அளவீட்டில் கலப்பது குறைவு. மென்மையான பொருளுக்கு அது நல்லது. ஆனால் ஏரெஸ் இல்லாதவருக்கு அது ஒரு தெரிவே அல்ல.

பழைய பெரிய கருவிகள்

ஜெர்மனியில் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் யோவாகிம் மைஸ்னர் சுழல் கவ்விகளால் இழுக்கும் கருவியை உருவாக்கினார். பின்னர் 1994இல் ஹோஸ்டெட்லரோடு சேர்ந்து வெளியிட்ட வடிவத்தில் உலோகப் பட்டைகள் மாதிரியை இழுக்க, சூடான வாயு மெத்தை அதைத் தாங்கியது. திரிபு 7 வரை போகலாம். மியூன்ஸ்டெட் 1979இல் விவரித்த செங்குத்துக் கருவியில் மாதிரி அடர்த்தி ஒத்த எண்ணெயில் தொங்கியது. நிலையான தகைவில் இழுத்து, விட்டபின் எவ்வளவு மீள்கிறது என்று பார்க்கவும் முடிந்தது. மீட்சியை அளப்பதில் இதற்கு இன்றும் இணை குறைவு. ஆனால் மாதிரி பெரிது, ஓட்ட நேரம் நீளம். பழையது ஒன்று கிடைக்கிறதே என்று வாங்கினால் அதை ஓட்டத் தெரிந்தவரையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

இழைநீட்சிக் கருவி: நிலைத்த பாகுநிலை வேண்டுமென்றால்

இரண்டு தட்டுகளுக்கு நடுவே சிறிய உருளை வடிவ உருகல். மேல்தட்டு விலகும்போது நடுவில் இழை மெலியும். ஒரு லேசர் அந்த மெலிந்த நடுவிட்டத்தையே இடைவிடாமல் அளந்து, அந்த விட்டம் சரியான வேகத்தில் குறையும்படி தட்டின் வேகத்தைக் கணத்துக்குக் கணம் திருத்தும். கரைசல்களுக்காக மொனாஷ் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீதர் குழு வளர்த்த இம்முறையை, உருகல்களுக்குக் கொண்டுவந்தது டென்மார்க்கின் ஹாசகெர் குழு; 2003இல் அதன் முதல் முடிவுகள் வெளியாயின. வணிக வடிவம் வேடர் என்ற பெயரில் வருகிறது.

இரட்டை உருளையிலிருந்து இது வேறுபடுவது ஒரே இடத்தில்தான், ஆனால் அது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது: பரப்பை இது கணக்குப் போட்டு ஊகிக்காமல் பார்த்து அளக்கிறது. மெலிவு வந்தாலும் அளவிடுவது மெலிந்த இடத்தையே. அதனால் திரிபு 6, 7 வரை நம்பத்தக்க தகைவு கிடைக்கிறது. இதன் பலன் சிறியதல்ல. ஒரே நீளச் சங்கிலிகள் கொண்ட பாலிஸ்டைரீனின் நிலைத்த நீட்சிப் பாகுநிலை, வேகத்தின் அரை அடுக்கில் குறைகிறது என்று 2003இல் தெரிந்தபோது, ஒவ்வொரு சங்கிலியும் பக்கத்துச் சங்கிலிகள் அமைக்கும் ஒரு குழாய்க்குள் நெளிவதாகக் கொள்ளும் அன்றைய குழாய்க் கோட்பாடு சொன்னதோடு அது ஒத்துப்போகவில்லை. 2005இல் அதே குழு எல்டிபிஇயில் தகைவு ஒரு உச்சத்தைத் தொட்டு இறங்கி நிலைபெறுவதைக் காட்டியது. 2011இல் மியூன்ஸ்டெட் தரப்பு, அது மாதிரி சீரற்றுப்போவதால் வரும் தோற்றம் என்று மறுத்தது. 2013இல் குறுக்குக் கால்வாய்ப் பாய்வில் (எதிரெதிரே வரும் இரு ஓடைகள் சந்தித்துப் பக்கவாட்டில் பிரியும் அமைப்பு) ஒளியியல் முறையில் கிடைத்த முடிவுகளோடு இழைநீட்சித் தரவு ஒத்துவந்தது. இந்த வாதம் இரட்டை உருளைத் தரவால் தீர்ந்திருக்கவே முடியாது. அது போகும் திரிபுக்கு அப்பால்தான் எல்லாம் நடக்கிறது.

ஓட்டுபவருக்கு இது அதிகப் பொறுமை கேட்கும். தொடக்கத்தில் மாதிரி குட்டையாக இருப்பதால் தட்டை ஒட்டிய பகுதியில் ஷியர் கலக்கும். சிறு திரிபுகளில் விசைக்கு அதற்கான திருத்தம் போட வேண்டும். மாதிரியின் பாதி எடையையும் விசையிலிருந்து கழிக்க வேண்டும். அதிக வேகத்தில் உருகல் தட்டிலிருந்து பெயர்ந்துவிடும். மருந்து: சோதனை வெப்பத்தைவிடக் கூட்டி நன்றாக ஒட்டவைத்து, மெல்ல ஒரு முன்னிழுப்புக் கொடுத்து நடுவை மெலியவைத்து, தளரவிட்டு, பிறகு சோதனை வெப்பத்துக்கு இறக்கி ஓட்டுவது. அப்போது நடுவில் தேவையான தகைவுக்குத் தட்டில் ஒட்டுப்பரப்பு போதுமானதாக இருக்கும். ஒரு மாதிரிக்குப் பாதி நாள் போவது சாதாரணம். தரக்கட்டுப்பாட்டுக்கு இதை வாங்குவது, காய்கறி நிறுக்கப் பொற்கொல்லர் தராசை வாங்குவதுபோல.

ரப்பர் வந்தால் கேள்வியே மாறும்

ரப்பரில் முதலில் பிரிக்க வேண்டியது, வேகவைக்காத (வல்கனைஸ் செய்யாத) கலவையா, வேகவைத்ததா என்பது.

வேகாத ரப்பரை ஆலைகள் பெரும்பாலும் மூனி எண்ணால் பேசுகின்றன. நிமிடத்துக்கு இரண்டு சுற்று சுழலும் வட்டின் டார்க் அது, முழுக்க ஷியர். கிளை குறைந்த நியோடிமியம் பியூட்டாடீன் ரப்பரும் கிளை கூடிய கோபால்ட் வகையும் ஒரே மூனி எண்ணோடு வரலாம். ஆனால் கலவையை உருளைகளுக்கு இடையே பிசையும் மில்லில் உருளையைப் பற்றுவதிலும், தாளாக்கும் கேலண்டரில் தாளாக வருவதிலும் அவை வெவ்வேறாக நடக்கும். ரேடியல் டயரின் உடல்பகுதியை ஊதி விரிக்கும்போது கலவை சீராக நீளுமா, ஓரிடத்தில் மெலிந்து கிழியுமா என்பதும் இழுவைக் கேள்வி. இயற்கை ரப்பர் இங்கே தனித்து நிற்பதற்குக் காரணம், இழுக்கும்போது அது படிகமாகி விறைப்பது.

இதற்கு வழக்கமான பதில் ஐஎஸ்ஓ 9026 பச்சை வலிமைச் சோதனை: டம்பெல் வடிவத் துண்டை இழுவைக் கருவியில் சீரான தாடை வேகத்தில் இழுப்பது. அதன் குறை எண்ணிலேயே தெரியும். நீளும் பகுதி 25 மி.மீ., தாடை வேகம் நிமிடத்துக்கு 100 மி.மீ. என்று வைத்தால், தொடக்கத்தில் வேகம் வினாடிக்கு 0.067, ஐந்து மடங்கு நீண்டபின் 0.013. ஒரே சோதனைக்குள் வேகம் ஐந்திலொன்றாகிறது. வேகத்தால் குணம் மாறும் பொருளுக்கு இது போதாது. இரட்டை உருளை 0.01 முதல் 10 வரை ஒவ்வொரு வேகத்தையும் மாறாமல் பிடித்துவைக்கும், 100 டிகிரியிலும் ஓட்டலாம். சென்ட்மனட் இதை வடிவமைத்த காலத்தில் குட்இயர் டயர் நிறுவனத்தில் இருந்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கருவி பிறந்ததே இந்தத் தேவைக்குப் பக்கத்தில்தான்.

ஆனால் கார்பன் பிளாக் போட்ட கலவையில் மேலே சொன்ன "மூன்று மடங்குக் கோடு" சரிபார்ப்பு வேலை செய்யாது. கரித்துகள்களின் வலைப்பின்னல் மிகச்சிறு திரிபிலேயே உடையத் தொடங்குவதால், இழுவை வளைகோடு ஆரம்பத்திலிருந்தே கோட்டுக்குக் கீழே இருக்கும். அதைக் கருவிப் பிழை என்று எண்ணி நாள்கணக்கில் உராய்வைத் தேட வேண்டாம். மாறாக மில் திசையைக் கவனியுங்கள்: தாளின் நீளவாக்கில் வெட்டிய பட்டையும் குறுக்குவாக்கில் வெட்டியதும் வெவ்வேறு விடை தந்தால், மில் கொடுத்த இழுவை இன்னும் தளரவில்லை. சூடான அச்சில் மெல்ல அழுத்தி, ஓர் இரவு விட்டு, மறுநாள் வெட்டுங்கள். ஒட்டாமல் இருக்கத் தூவிய டால்க்கைக் கவ்வும் இடத்தில் துடைத்து எடுங்கள், இல்லாவிட்டால் நழுவும்.

வேகவைத்த ரப்பரை உருளையில் இழுக்கும்போது பயப்பட வேண்டியது டார்க் குறைவுக்கு அல்ல, மிகுதிக்கு. பொதுவான ரியோமீட்டரின் உச்சம் சுமார் 200 மில்லிநியூட்டன்-மீட்டர். தொடக்கப் பரப்பில் 20 மெகாபாஸ்கல் தாங்கும் இயற்கை ரப்பர் பட்டை 4.2 ச.மி.மீ. என்றால் விசை 84 நியூட்டன், டார்க் 860ஐத் தாண்டும். கருவி பாதியிலேயே நின்றுவிடும். 2 மி.மீ. அகலம், 0.3 மி.மீ. தடிமன் என்று வெட்டினால் 12 நியூட்டன், 124, அடக்கம். வெந்த ரப்பர் உருகலைப்போல் உருளையில் தானே ஒட்டிக்கொள்ளாது. பட்டை உருளையைத் தொடும் இடத்தில் வெள்ளிப் பேனாவால் கோடு போட்டு, ஓட்டியபின் கோடு நகர்ந்ததா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் நீங்கள் வரைந்தது நழுவலின் வரைபடம்.

வெந்த ரப்பரின் அறும் வலிமை மட்டும் வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 37 இழுவைச் சோதனையே போதும். வாங்குபவர் கேட்பதும் அந்த எண்ணைத்தான். கேஸ்கெட், மவுண்ட் ஆகியவற்றுக்குக் கணினியில் வடிவமைப்புச் செய்பவர்களுக்கு ஒருதிசை இழுவை எந்தக் கருவியில் எடுத்தாலும் போதாது. இருதிசை இழுவையும் தேவை; தாளைக் காற்றழுத்தத்தால் குமிழியாக ஊதும் சோதனையை அதற்குத் தேடுங்கள்.

வாங்கலாமா, எதை

ஃபிலிம், கோட்டிங், ஃபோம் ஆலை, தினமும் லாட் சோதனை: ரியோடென்ஸ். கேபிலரி ஏற்கெனவே இருந்தால் அதன் கீழேயே பொருத்தலாம். பெட், நைலான்: ரியோடென்ஸும் கேபிலரியும் மட்டுமே கணக்கில். பாலியோலிஃபின் உருவாக்கும் ஆய்வகம், டயர்க் கலவை ஆய்வகம், கல்லூரித் துறை ஆகியவற்றில் நல்ல சுழல் ரியோமீட்டர் இருந்தால் இரட்டை உருளை, யோசிக்கவே வேண்டாம். நீர்த்த பாலிபுரொப்பிலீன் எல்லைக்கோட்டில் நிற்கும். வெப்பநிலையை உருகுநிலைக்கு அருகே இறக்கினால் உருளையில் நிற்கும், ஆனால் படிகமாதல் தொடங்கிவிடாமல் பார்க்க வேண்டும். நிலைத்த பாகுநிலையும் கோட்பாட்டுச் சோதனையும் வேண்டுவோருக்கு இழைநீட்சி. வருடத்துக்குப் பத்து மாதிரிதான் என்றால் கருவி வாங்காமல், அது உள்ள பல்கலைக்கழகத்தில் அளந்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

விற்பனையாளரிடம் செயல்விளக்கம் கேட்கும்போது அவர்கள் கொண்டுவரும் எல்டிபிஇயைப் பார்த்து மயங்காதீர்கள். எந்தக் கருவியிலும் அது அழகாக இறுகும். உங்களிடமிருந்து கிளையற்ற எச்டிபிஇ (உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன்) பட்டைகளைக் கொண்டுபோய், வினாடிக்கு 0.03, 0.3, 3 என்று மூன்று வேகத்தில், ஒவ்வொன்றையும் மும்முறை ஓட்டச் சொல்லுங்கள். மென்பொருள் வரைந்த பாகுநிலையோடு நிறுத்தாமல், டார்க்கும் காலமும் உள்ள மூலத்தரவையும், மாதிரி இல்லாமல் ஓட்டிய உராய்வுத் தரவையும் வாங்கிக்கொள்ளுங்கள். எச்டிபிஇ மூன்று வேகத்திலும் மூன்று மடங்குக் கோட்டை ஒட்டியே போய் அறுந்தால் கருவியும் கைப்பழக்கமும் சரி. அதில் திரிபிறுக்கம் எழுந்து தெரிந்தால் முதலில் பட்டையின் அகலத்தையும் உராய்வையும் கேளுங்கள், விலையைப் பிறகு கேட்கலாம்.